ஐந்நூற்று அறுபது கட்டங்கள்

சின்ன ஸ்ட்ரோக் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் சொன்னார், கணவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் கழுத்தை நீட்டிச் சொன்னாள். வந்தவரைத் தவிர மற்ற அனைவருக்கும் அது சின்னதாகத்தான் இருந்தது.

வந்தது சில்லு டீச்சருக்கு. வயது அறுபத்து மூன்று, கணக்குப் பாடம், பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. தனியார் பள்ளி என்பதால் ஓய்வு வயது என்று கறாராக எதுவும் கிடையாது. நடக்க முடிகிறவரை நடக்கலாம் என்பதே அங்கே சட்டம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு கையிலிருந்து நழுவியது. கணவர் ஏதோ கேட்டார், பதில் இல்லை. அவர் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷ இல்லறத்தில் மனைவி பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல. நேற்று நாம் என்ன தப்புச் செய்தோம் என்று ஒரு நிமிடம் யோசித்தார், ஒன்றும் அகப்படாமல் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைக் கவனிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. தெருவில் பேசுகிறார்கள்.

நான்கே நாளில் டீச்சர் வீடு திரும்பிவிட்டார். கை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தொல்லையே அதுதான். காலில் ஒரு மாவுக்கட்டு இருந்தால் நாற்காலியாவது இழுத்துப் போடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் பரீட்சை வைத்தார். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். டீச்சர் இரண்டு வரை போய் நிறுத்தி, "மைனஸ்ல போகட்டுமா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். தாளில் எண்களும் எழுத்துகளும் இறைந்து கிடந்தன. ஒன்றிலிருந்து 'அ'வுக்கு, அங்கிருந்து இரண்டுக்கு, பிறகு 'ஆ'வுக்கு என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். ஒன்று, அ, இரண்டு, மூன்று என்று இழுத்தார். அழித்தார். ஒன்று, அ, இரண்டு. பேனா நின்ற இடத்திலேயே நின்றது.

"பேச்சு, ஞாபகம் எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டர். "ரெண்டு மூணு விஷயத்த ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வெச்சுக்கிட்டுத் திட்டம் போடறது, அதுதான் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. ஆறு மாசத்துல தேறலாம்."

"தேறலன்னா?"

"சின்ன ஸ்ட்ரோக்தானே. பழகிக்கலாம்."

வெளியே வந்ததும் கணவர், "கணக்குல முழு மார்க் வாங்கிட்டியே," என்றார். டீச்சர் வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை. அவர் வழியில் நாலு தடவை திரும்பி அவள் வாயைப் பார்த்துக்கொண்டார்.

ரெண்டு மூணு விஷயத்தை ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைப்பது. மற்றவர்களுக்கு அது போனால் சமையலில் ஒரு கை உப்பு தவறும். டீச்சருக்கு அதுதான் உத்தியோகமே. இருபத்தொன்பது வருஷமாகப் பள்ளியின் டைம்டேபிள் போடுவது அவர்தான். பதினான்கு வகுப்புகள், வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு எட்டுப் பீரியட். ஆக ஐந்நூற்று அறுபது கட்டங்கள். கதவுப் பலகை அளவுக்கு ஒரு மரப்பலகை, அதில் கட்டத்துக்கு ஓர் ஆணி, ஆணியில் மாட்ட ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சில்லுகள். ஆசிரியர் ஒருவருக்கு ஒரு நிறம், ஒரு எண். இருபத்திரண்டு பேர். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சில்லு, அவர் இடத்துக்கு வருபவருக்குப் போகும். ஆள் மாறினாலும் சில்லு மாறாது. பிள்ளைகள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது இதனால்தான்.

சில்லு மாட்டுவது பெரிய வித்தையில்லை. ஒரு வருஷம் கணினியில் போட்டுப் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் போட்டுத் தந்தது. ஒரு வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் கைகலப்பு மட்டும்தான் பாக்கி. கணினிக்கு ஆட்களைத் தெரிந்தது, ஆட்களுக்குள் இருப்பது தெரியவில்லை. இயற்பியல் சாரும் வேதியியல் டீச்சரும் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் நாற்காலி யாருடையது என்ற வழக்கில் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஆய்வகமோ ஒன்று, சாவியும் ஒன்று. அடுத்தடுத்த பீரியட் கொடுத்தால் சாவி கைமாற வேண்டும். அவர் அதை மேசையில் விட்டெறிவார், இவர் அதைக் கைக்குட்டையால் எடுப்பார். விளையாட்டு சாருக்கு முழங்கால் வலி, முதல் பீரியடில் அவரைக் காண முடியாது. இப்படி இருபத்திரண்டு பேருக்கும் ஏதாவது ஒன்று. அத்தனையும் டீச்சர் தலைக்குள்தான் இருந்தது.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கையில் ஹெச்எம் பழத்தோடு வந்தார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முன்பு நீ, வா, போ. எட்டு வருஷத்துக்கு முன் ஒருவர் ஹெச்எம் ஆக, மற்றவர் துணையாகவே நின்றுவிட, அன்றிலிருந்து நீங்க, வாங்க, போங்க.

"இந்த வருஷம் டைம்டேபிள வேற யாராவது பாக்கட்டுமே டீச்சர்," என்றார் ஹெச்எம், பழத்தை அவரே உரித்து நீட்டி. "நீங்க லைப்ரரிய பாத்துக்கங்க. நிழல்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

அந்த நூலகத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அர்த்தம் புரியும். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, பூட்டிய இரண்டு அலமாரி. அங்கே அனுப்பப்பட்ட யாரும் மறுபடி வகுப்புப் பக்கம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைசியாகப் போன கைத்தொழில் டீச்சர் ஓய்வு பெற்றதே பலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"புதன்கிழமை போட்டுக் கொண்டு வர்றேன்," என்றார் டீச்சர். "கொண்டு வரலன்னா நானே லைப்ரரிக்குப் போயிடறேன்."

ஹெச்எம் சரி என்றார். சரி என்ற விதத்தில் இருந்த பரிதாபம் டீச்சருக்கு உரித்த பழத்தைவிடப் புளித்தது.

பலகை சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டது. கணவர் முக்காலியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். முதல் நாள் டீச்சர் நீலச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்தார், அது ஆங்கில சார். செவ்வாய் இரண்டாவது பீரியட், ஒன்பது பி என்று கை போனது. அதே நேரத்தில் அவருக்கு வேறு வகுப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கண் மேலே போனது. கண் திரும்பி வருவதற்குள், கையில் இருப்பது எதற்கு எடுத்தது என்பது போய்விட்டது. மறந்துபோய்விட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே இருந்த ஒரு படி காணாமல் போய், கால் காற்றில் இறங்கியது போல. நீலத்தை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடி. நாற்பது நிமிடத்தில் ஏழு சில்லு மாட்டியிருந்தார், அதில் இரண்டு ஒரே ஆள், ஒரே நேரம்.

கணவர் அடுக்களையிலிருந்து கேட்டார். "இன்னைக்கு என்ன கிழமை சொல்லு?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தினமும் நாள், கிழமை கேட்கச் சொல்லியிருந்தது. அவர் தினமும் கேட்டு, விடையை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மீட்டர் பார்த்தவருக்குக் குறிக்காமல் இருக்க முடியாது.

"ஏங்க, நான் செவ்வாய்க்கிழமையத் துண்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கிட்ட கிழமை கேக்கறீங்க?"

"அப்ப செவ்வாயா?"

"வெள்ளி."

"கரெக்டு," என்று குறித்துக்கொண்டார். "கோபப்படாத. பிரஷர் ஏறும்."

"நீங்க பேசாம இருந்தா இறங்கும்."

ஆனால் அவர் பேசியதில், மனதில் பாதி வந்திருந்த ஒரு வரிசை போய்விட்டது. டீச்சர் தேநீர் போடப் போனார். பாலும் சர்க்கரையும் மட்டும் கொதித்து வந்தது. கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவருக்குத் திட்டு விழுந்தது.

மூன்று நாள் இப்படியே போனது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பார்த்தார். தாளைப் பார்த்தால் பலகை போனது, பலகையைப் பார்த்தால் தாள் போனது. ஞாயிறன்று, மாட்டிய எண்பது சில்லையும் புறங்கையால் ஒரே வீச்சில் தரைக்கு அனுப்பினார். கணவர் குனிந்து பொறுக்கி நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார். தப்பாகப் பிரித்தார். பச்சையில் இரண்டு பச்சை இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"இது வேற பச்சைங்க."

"எனக்கு ரெண்டும் பச்சைதான். உன் மூளைக்கு என்ன குறைச்சல் இப்போ?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். டீச்சர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே இருப்பவர் மனதுக்குள் லிட்டர் கணக்கு ஓடியிருக்கும். அன்று அவர் கதவைத் தட்டவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அது நடந்தது. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் எதிர்பார்ப்பே இல்லாமல் ஒரு மஞ்சள் சில்லை எடுத்துப் பத்து ஏ, திங்கள் முதல் பீரியடில் மாட்டினார். அடுத்தது தானாக வந்தது. அதற்கடுத்ததும். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரல் போன இடம் எல்லாம் சரியாக இருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டு கணவர் எழுந்து வருவதற்குள் வியாழன் முடிந்திருந்தது. இருட்டுவதற்கு முன் ஐந்நூற்று அறுபது ஆணியும் நிறைந்துவிட்டது. மூன்று முறை சரிபார்த்தார். ஓர் ஆளும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இல்லை. ஒவ்வொருவருக்கும் பீரியட் எண்ணிக்கை அச்சாக இருந்தது.

"சின்ன ஸ்ட்ரோக்தாங்க," என்றார் டீச்சர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை.

புதன்கிழமை பலகை ஸ்டாஃப் ரூம் சுவரில் ஏறியது. ஹெச்எம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்து, "ஒரு மோதல்கூட இல்ல," என்றார். குரலில் ஆச்சரியம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. மற்றவர்கள் முண்டியடித்துத் தத்தம் நிறத்தைத் தேடினார்கள். முதலில் முகம் மாறியது இயற்பியல் சாருக்கு.

"டீச்சர், எனக்கும் அவங்களுக்கும் நாலு நாள் அடுத்தடுத்து லேப் போட்டிருக்கீங்க."

'அவங்க' ஜன்னலோரம் நின்று, தன்னைப் பற்றிப் பேசுவதே காதில் விழாத பாவனையில் இருந்தார்.

டீச்சர் பலகையைப் பார்த்தார். நாலு நாள். எப்படி விட்டேன்? ஆனால் ஹெச்எம் பக்கத்தில் நிற்கிறார், இருபது பேர் பார்க்கிறார்கள், படிக்கட்டுக்கு அடியில் நூலகம் காத்திருக்கிறது.

"வேணும்னேதான் போட்டேன்," என்றார். "சாவி வாங்கும்போதாவது ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்துக்கங்க. மூணு வருஷம் ஒரு நாற்காலிக்கு அதிகம்."

ஸ்டாஃப் ரூம் சிரித்தது. "நான் சாவிய ஜன்னல் வழியா போடுவேன்," என்றார் சார். "போடட்டும், நான் குடையப் பிடிச்சுக்கறேன்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் வேதியியல் டீச்சர். மூன்று வருஷத்தில் இருவரும் ஒரே பேச்சில் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை என்று ஹெச்எம் டீச்சரின் காதில் கிசுகிசுத்தார். "நல்ல தந்திரம்."

விளையாட்டு சார் வந்து, திங்கள் முதல் பீரியட் தன் முழங்காலுக்கு ஒத்துக்காது என்றார். "நடந்தாத்தான் சரியாகும்," என்று அவருக்கும் ஒரு பதில் வந்தது. பொய் ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று டீச்சருக்கே வியப்பாக இருந்தது. முதல் நாளே சில்லு அந்த வேகத்தில் வந்திருக்கக் கூடாதா.

கடைசியாகத் தமிழம்மா வந்தார். மனதில் இருப்பதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி.

"எல்லாம் சரி டீச்சர். எனக்கு எதுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஓய்வு?"

"வண்டி பிடிக்கணும்னு நீங்கதானே கேப்பீங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல..."

"அவர் மாற்றல் வாங்கிக்கிட்டு வந்து நாலு வருஷமாச்சே. சீக்கிரம் வீட்டுக்குப் போயி அந்த மனுஷன் மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காரவா? இருக்கிற ஒரு வகுப்பையும் பிடுங்கிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் தன்னுடைய மஞ்சளைத் தேடினார். திங்கள் முதல் பீரியடில் ஒன்று இருந்தது. மற்றபடி ஐந்து நாளும் கடைசிப் பீரியடில் அவரே இருந்தார். யாரும் விரும்பாத நேரம், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். அதைத் தனக்கே வைத்துக்கொண்டது ஒரே ஒரு வருஷம்தான். ஹெச்எம் பதவி மற்றவருக்குப் போன வருஷம். யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று ராட்சசத்தனமாக உழைத்துப் போட்ட டைம்டேபிள் அது. அந்த வருஷம் இயற்பியலும் வேதியியலும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள், பக்கத்துப் பக்கத்துப் பீரியட் வேண்டும் என்று கெஞ்சினார்கள். விளையாட்டு சாரின் முழங்கால் அப்போது முழங்காலாகவே இருந்தது.

தான் போட்டது இந்த வருஷத்து டைம்டேபிள் அல்ல. எட்டு வருஷத்துக்கு முந்தியது, சில்லுக்குச் சில்லு அப்படியே. எந்த மூளை வேலை செய்கிறது என்று திங்கட்கிழமை துள்ளினாரோ, அது வேலையே செய்யவில்லை. பழசை எடுத்துக் கொட்டிவிட்டு நகர்ந்துவிட்டது.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார்.

"மோதல் இல்ல, எண்ணிக்கை சரி. அப்புறம் என்ன? விடு," என்றார் அவர். "உன் கையாலதானே போட்ட?"

"கைதான் போட்டுச்சு. நான் போடல."

அவர் நோட்டை மூடினார். "வீடு பூட்டியிருந்தா, போன தடவை ரீடிங்கப் பார்த்து இந்த மாசத்துக்கும் ஒண்ணு எழுதிடுவாங்க சில பேர். அது மாதிரியா?"

"ஆமா."

"அதுக்கு எங்க ஆபீஸ்ல மெமோ குடுப்பாங்க." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வீடு திரும்பிய நாளிலிருந்து யாரும் டீச்சரிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அதுவே ஒரு மாறுதல்.

மறுநாள் டீச்சர் ஹெச்எம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அது தந்திரம் இல்ல. பழசு. நீங்க ஹெச்எம் ஆன வருஷத்துது. புதுசு எனக்கு வரல."

ஹெச்எம் பேனாவை மூடினார். "யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியுது. லைப்ரரி சாவி குடுங்க."

"அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது." பிறகு ஹெச்எம் கேட்டார். "என்னதான் முடியல? சரியா சொல்லுங்க. எல்லாரும் சின்னது சின்னதுங்கறாங்க, நானும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

இதுவரை யாரும் கேட்டதில்லை. டாக்டர் சொன்னாரே தவிர கேட்கவில்லை. "ஒண்ணு கேட்டா பதில் தெரியுது," என்றார் டீச்சர். "யாருக்கு என்ன, யாருக்கு யாரோட ஆகாது, எல்லாம் இருக்கு. ஒண்ணக் கையில வெச்சுக்கிட்டு இன்னொண்ணப் பாத்தா, முதல்ல இருந்தது போயிடுது. சத்தம் கேட்டா ரெண்டுமே போயிடுது. பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப நான் கையில வெச்சுக்கறேன். நீங்க பதில் மட்டும் சொல்லுங்க."

"நீங்களா? உங்களுக்கு எந்த நிறம் யாருன்னே தெரியாது."

"தெரியாதுதான். கத்துக்கறேன்."

பலகை ஹெச்எம் அறைக்கு இறங்கி வந்தது. ஐந்நூற்று அறுபது சில்லையும் கழற்றினார்கள். டைம்டேபிளைத் திருத்துவதாக மட்டும் அறிவிப்பு போனது. டீச்சர் தன் தந்திரத்தைத் தானே கைவிட்டுவிட்டதாக ஸ்டாஃப் ரூமில் பேச்சு. வியாழன் போனது, வெள்ளி போனது, சனிக்கிழமையும் வந்தார்கள். ஹெச்எம் பத்துச் சில்லு மாட்டும் நேரத்தில் பழைய டீச்சர் ஒரு நாளை முடித்திருப்பார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, தானே திணறியதைவிடக் கொடுமையாக இருந்தது.

"அந்த ஆணி இல்ல. மேல. அதுக்கும் மேல."

"கண்ணு தெரியுது எனக்கு."

"தெரிஞ்சா ஆறு ஏ-ல எதுக்கு மாட்டறீங்க? அது வேற பச்சை."

"டீச்சர், நான் ஹெச்எம்."

"இங்க இல்ல."

சனிக்கிழமை பிற்பகல் ஹெச்எம் ஊதாச் சில்லை விரலில் பிடித்தபடி ஏதோ கேட்டார். டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கேள்வியும் இல்லை, கிழமையும் இல்லை, பலகை முழுக்க வெறும் நிறங்கள். டீச்சர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது பரிதாபமாக ஒரு வார்த்தை வந்தால் எழுந்து போய்விடுவது என்று நினைத்தார்.

வார்த்தை வரவில்லை. மேசையில் செல்போன் அடித்தது, ஹெச்எம் எடுக்காமல் அதைக் கவிழ்த்து வைத்தார். சில்லு அவர் விரலிலேயே இருந்தது.

"எங்க விட்டோம்?" என்றார் டீச்சர், எரிச்சலாக.

"வியாழன் மூணாவது. எட்டு பி. வேதியியல் போடலாமான்னு கேட்டேன், நீ பதில் சொல்லல."

டீச்சர் பலகையைப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும்.

"கூடாது. நாலாவதுல ஃபேன் நாற்காலி சாருக்கு லேப் இருக்கு."

ஹெச்எம் ஊதாவை டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். "இது யாரு?"